கோல்ஸ்லாவுக்கு எலுமிச்சையே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சை முட்டையில் தயாரிக்கப்படும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தபோது, சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா ஆகிய கிருமிகளால் நேரும் ஆபத்தே காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகும், கோல்ஸ்லா எனும் முட்டைகோஸ் சாலட் என்றால் மயோனைஸ் சேர்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் மாறியதாகத் தெரியவில்லை. முட்டை சேர்க்காத மயோனைஸ் கடைகளில் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதிலும் எண்ணெய்தான் அதிகம். வறுத்த கோழிக்கும் பிரியாணிக்கும் தொட்டுக்கொள்ள வைப்பதில் இன்னும் எண்ணெய் எதற்கு? அங்கே நாக்கு கேட்பது புளிப்பையும், நறுக்கென்று கடிபடும் காயையும்தான்.

அரைக் கிலோ முட்டைகோஸின் மேலிலைகளை நீக்கி, நன்கு கழுவி, நூலாக நறுக்கி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி, அரை மணி நேரம் வடிதட்டில் வைக்க வேண்டும். கோஸில் 90 சதவீதத்துக்கும் மேல் நீர்தான் என்பதால், உப்பு பட்டதும் அது கசிந்து வடியும்; பிறகு கையால் இறுகப் பிழிந்துவிட்டால் காய் துவளுமே தவிர, கடிக்கும் பதம் குறையாது. பந்திகளில் சாலட் தண்ணீர் விட்டு இலையில் ஓடுவது பெரும்பாலும் இதைச் செய்யாமல் விடுவதால்தான்.

பிழிந்த கோஸுடன் துருவிய கேரட், மெல்லிய வெங்காயம், பருவத்தில் கிளிமூக்கு மாங்காய்க் கீற்று ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், சிறிது மிளகுத்தூள் கலந்தால் போதும். கோஸில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும் என்பதால், ருசி பார்த்த பிறகே மேலும் சேர்க்க வேண்டும். ஊதா நிறக் கோஸானால் எலுமிச்சை பட்ட மாத்திரத்தில் இளஞ்சிவப்பாக மாறும். குழந்தைகள் தட்டை அருகே இழுத்துக்கொள்ள அதுவே போதும். ராம நவமிக்குப் பாசிப்பருப்பை ஊறவைத்து, வெள்ளரி சேர்த்துக் கோசுமல்லி செய்யும் வீடுகளுக்கு இந்தப் பக்குவம் அந்நியமாகத் தோன்றாது.

புளிப்பு கிருமிகளையெல்லாம் கொன்றுவிடும் என்று நம்பி, இதை மணிக்கணக்கில் வெளியே வைத்திருக்கக் கூடாது. உடனே பரிமாற முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைப்பதே முறை. தங்கள் சமையல் பக்கத்தில் கோல்ஸ்லா குறிப்பு வெளியிடும்போது, மயோனைஸ் இல்லாத இந்த முறையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி