ஒரு தடித்த ஜக்கெற் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் புலம்பெயர் பக்கத்தில், நோர்வே மலைகளில் துருவமான் வேட்டைக்குப் போகும் நம்மவர் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை முழுவதுமாக வாசித்தேன். எழுதியவரின் உற்சாகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், “ஆவணி மாதம் அங்கே கோடைகாலம் என்பதால் இரண்டு ரீசேட்டும் ஒரு தடித்த ஜக்கெற்றும் கொண்டுபோனால் போதுமானது” என்ற வரி, இத்தனை வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாசித்துவரும் என்னை மிகவும் வருத்திவிட்டது. அந்த ஒரு வரியை நம்பி உடுப்பை அடுக்கும் பிள்ளை மலையில் உயிரை விடக்கூடும் என்பதை யாரும் தங்களுக்குச் சொல்லவில்லையா?

நான் காரைநகரைச் சேர்ந்தவன். நம்மவரில் முதன்முதலாக அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வேக்குப் போனதும், பின்னர் சீநோர் என்ற இலங்கை-நோர்வே மீன்பிடி நிறுவனம் எங்கள் ஊரில் படகு கட்டியதும், அந்தத் தொடர்பின் வழியே எங்கள் பிள்ளைகள் எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் சொல்லித் தாங்கள் அறியவேண்டியவை அல்ல. அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். பின்னர் தெற்கே குடிபெயர்ந்திருந்த காலத்தில், உடன் வேலைசெய்த நோர்வேஜியர்கள் ஹர்டாங்கர்விடா மேட்டுநிலத்துக்கு வேட்டைக்குப் போகும்போது என்னையும் கூட்டிச் செல்வார்கள். நான் துவக்குப் பிடித்ததில்லை. துவக்குப் பிடிக்க அங்கே வேட்டைக்காரருக்கான பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பெரிய மிருகங்களைச் சுடுவதானால் ஆண்டுதோறும் சுடும் தேர்வும் உண்டு. தங்கள் கட்டுரை அதைக்கூடச் சொல்லவில்லை. சுமை தூக்கவும், விழுந்த மானை உரித்து இறைச்சியை முதுகுப்பையில் இறக்கிக்கொண்டு வரவுமே நான் போனேன். ஆகவே அந்த மலையில் எந்த உடுப்பு மனிதனைக் காக்கும், எது கைவிடும் என்பதை என் உடம்பால் அறிந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

துருவமான் வேட்டை அங்கே ஓகஸ்ட் 20 ஆந் திகதி தொடங்குகிறது. நல்லூர்க் கந்தன் திருவிழாவில் ஆண்கள் வெறும் மேலுடன் சுடுமணலில் உருண்டு பிரதட்டை செய்யும் அதே நாட்களில், கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேல் மரமே இல்லாத அந்த வெட்டவெளியில் காலையில் வெயில் எறிக்கும், மத்தியானம் மழை கொட்டும், மாலையில் விரல் விறைக்கும். ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறையும் என்பதை நாங்கள் பாடசாலையிலேயே படித்தோம். காற்று எடுத்துப்போகும் சூடு அதற்கு மேலதிகம். 2016 ஓகஸ்ட் மாதக் கடைசியில் அதே மேட்டுநிலத்தில் விழுந்த இடியில் 323 துருவமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்த செய்தி உலகம் முழுவதும் வெளிவந்தது. அந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்த மிருகத்துக்கு அந்தக் கதி என்றால், ரீசேட்டோடு போகும் நம் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?

ஒருமுறை, ஊரிலிருந்து வந்து அதிக காலமாகாத ஒரு தம்பியும் எங்களோடு வந்தார். பருத்திப் பெனியன், அதன்மேல் ரீசேட், ஜீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சடைத்த தடித்த ஜக்கெற், அதாவது தங்கள் கட்டுரை சொன்ன அதே உடுப்பு. குளிருமென்று பயந்து, ஏற்றம் முழுவதும் அந்த ஜக்கெற்றைக் கழற்றாமலே ஏறினார். உள்ளே வியர்வை ஊறிக்கொண்டிருந்தது. மேலே போய், வேட்டைக்காரர்கள் தொலைநோக்கியால் மான் பார்க்க உட்கார்ந்தபோது மேற்கிலிருந்து காற்றும் தூறலும் வந்தன. அன்று தண்ணீர் உறையும் குளிர் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். முதலில் தம்பி நடுங்கினார். பிறகு தேநீர்ப் போத்தலின் மூடியைத் திருக அவருடைய விரல்களால் முடியவில்லை; இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் போத்தலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேரைக் கேட்டால் வாய் குழறியது. கூட வந்த வயதானவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரைக் கற்பாறையின் மறைவுக்கு இழுத்துப்போய், மேலுடுப்பு முழுவதையும் உரிந்து, தன் பையிலிருந்த உலர்ந்த கம்பளி உள்ளாடையைப் போட்டுவிட்டு, தொப்பியை இழுத்துக் காதை மூடி, சீனி போட்ட தேநீரைப் பருக்கினார். அந்தப் பெனியனைப் பிழிந்தது நான். துவைத்தெடுத்த உடுப்பைப் போலத் தண்ணீர் ஒழுகியது. உடலின் உள்வெப்பம் 37 பாகையிலிருந்து 35 இற்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்றும், நடுக்கம் நின்றுவிட்டால் அது சுகமல்ல, முற்றிவிட்டதன் அறிகுறி என்றும் எனக்குச் சொன்னவர் அந்தக் கிழவர்தான்.

தடிப்பு ஒருவனைக் காப்பதில்லை ஐயா, உலர்ந்திருப்பதுதான் காக்கும். தோலோடு ஒட்டிக் கிடக்கும் முதற்படை மெல்லிய கம்பளியாக, முடிந்தால் மெரினோ ஆட்டின் மென்கம்பளியாக இருக்க வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை உள்வாங்கிய பின்னும் சூட்டை வைத்திருக்கும். வியர்வை நாற்றமும் எளிதில் பிடிக்காது. பருத்தியோ நனைந்தவுடன் தோலில் ஒட்டி, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். அதற்கு மேலே கம்பளிச் சுவெற்றர் அல்லது பிளீஸ் எனப்படும் செயற்கை இழைச் சுவெற்றர். எல்லாவற்றுக்கும் வெளியே, பஞ்சு எதுவும் அடைக்காத, காற்றையும் மழையையும் மறிக்கும் மெல்லிய மேலாடை. நடக்கையில் சரசரக்கும் துணியானால் மான் கேட்டுவிடும் என்பதால் மெத்தென்ற துணியையே வேட்டைக்காரர் தேடுவார்கள். ஏறும்போது சற்றுக் குளிர்கிறது என்று தோன்றும் அளவுக்குத்தான் உடுத்த வேண்டும். சூடான சுவெற்றர் பையில் இருக்கட்டும், உட்கார்ந்தவுடன், உடம்பு ஆறுவதற்கு முன்னமே அதை எடுத்துப் போடவேண்டும். நனையாத பையில் கட்டிய மாற்று உள்ளாடையும் கம்பளிக் காலுறையும் இல்லாமல் எவரும் மேலே போகக்கூடாது. பறவையிறகு அடைத்த ஜக்கெற் உலர்ந்த குளிருக்கு மிகவும் நல்லது. மழையில் நனைந்தால் அமுங்கிப் பயனற்றுப் போய்விடும்.

இந்த வேதனை எனக்கு இன்று தொடங்கியதல்ல. முன்பொருமுறை தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில், ஓகஸ்ட் விடுமுறையில் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா செல்லும் பிள்ளைகளுக்கு “ஒரு சுவெற்றர் போதும்” என்று எழுதியிருந்தீர்கள். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில், தென்மேல் பருவக்காற்று வீசும் மாதத்தில், யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் நனைந்த பருத்திச் சட்டையோடு பேருந்தில் நடுங்கியபடி திரும்பியதை என் பேரப்பிள்ளை வந்து சொன்னபோது, அதைப்பற்றித் தங்களுக்கு விரிவாக எழுதினேன். கடிதம் பிரசுரமாகவில்லை. பதில் அட்டைகூட வரவில்லை. நேரில் வந்தபோது, குளிர் உடுப்பு வடமாகாண வாசகர்களுக்குத் தேவையான விடயமல்ல என்று அலுவலகத்தில் இருந்த ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். வெளிநாடு போகாத வீடு இந்தக் குடாநாட்டில் எத்தனை ஐயா? நகை அடைவுவைத்த தாய்மார் பெருந்தொகை கொடுத்து, கடைக்காரர் “கனடாக் குளிருக்கே காணும்” என்று தலையில் கட்டும் பஞ்சு ஜக்கெற்றை வாங்கிப் பிள்ளைகளின் பெட்டியில் வைக்கிறார்கள். உள்ளே போட ஒரு கம்பளிப் பெனியன் வாங்க வேண்டுமென்று அவர்களுக்குச் சொல்ல ஒரு பத்திரிகைதானும் முன்வரவில்லை. பூப்புனித நீராட்டு விழாப் படங்களுக்கும் பொன்விழா மலர்களுக்கும் அதே புலம்பெயர் பக்கத்தில் இடம் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. அடுத்த ஞாயிறு இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், “மலைவேட்டைக்குப் பருத்தி உடுப்புக் கூடாது, கம்பளி உள்ளாடை, சுவெற்றர், மழைக்கான மேலாடை என மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுபோகவும்” என்று ஒரு திருத்தம் போடும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை முழுவதும் பிரசுரிக்க இடமில்லை என்றால், அந்தத் திருத்தத்தை மட்டுமாவது போடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
காரைநகர்.