திறப்பு விழாவுக்குப் பிறகும் பாலத்துக்குப் பணம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலங்களுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் அரசுகள் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று எழுதிய உங்கள் தலையங்கத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால் கட்டி முடித்ததை யார், எந்தப் பணத்தில் காப்பாற்றுவது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. முப்பது ஆண்டுகள் பாலங்களை ஆய்வு செய்யும் வேலையில் இருந்த எனக்கு அது உறுத்தியது.

பாலம் கெடுவது பெரும்பாலும் தண்ணீரில்தான் தொடங்கும். மழைநீர் வடிய ஓரங்களில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். சருகும் மண்ணும் சேர்ந்து அவற்றை அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, இணைப்புகளின் இடுக்கு வழியே கீழே இறங்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும். கீழே நின்று சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். ‘ணங்’ என்று கேட்டால் நிம்மதி. ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே விரிசல் ஓடிவிட்டது என்று பொருள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் எழுதிய அறிக்கைகளில் பல, ‘நிதி வந்ததும் பார்க்கலாம்’ என்ற குறிப்போடு கோப்பிலேயே தங்கிவிட்டன. துளையின் அடைப்பை எடுக்க இரண்டு ஆட்களும் அரை நாளும் போதும். அந்தச் சின்னச் செலவுக்குத்தான் வரவு செலவுத் திட்டத்தில் இடம் இருக்காது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபெர்ன் ஹாலோ பாலம் 2022 ஜனவரி 28 அன்று காலை இடிந்து விழுந்தது. ஒரு பஸ்ஸும் சில கார்களும் அதோடு கீழே போயின. யாரும் சாகவில்லை என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. 2011 முதலே ‘மோசமான நிலை’ என்று ஆய்வுகளில் பதிவாகிவந்த பாலம் அது. வடிகால்கள் அடைத்து, எஃகுக் கால்களில் நீரும் குப்பையும் தேங்கி, உலோகம் அரித்துப்போயிருந்ததாக விசாரணை சொன்னது. பராமரிப்புப் பரிந்துரைகள் ஆண்டுக்கணக்காக நிறைவேற்றப்படவில்லை. அதைப் படித்தபோது என் பழைய அறிக்கைகள்தான் கண்முன் வந்தன.

பணம் எங்கே போயிற்று என்று கேட்டால், அதற்கும் அதே நாடு பதில் சொல்கிறது. நெடுஞ்சாலை நிதிக்கு முக்கிய வருவாயான மத்திய பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993-க்குப் பிறகு அது உயரவே இல்லை. சிமென்ட் விலையும் கூலியும் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. 2008 முதல் பொது வருவாயிலிருந்து எடுத்துத்தான் அந்தப் பள்ளத்தை நிரப்பிவருகிறார்கள்.

ஜப்பானில் 2012 டிசம்பரில் சசாகோ சுரங்கப்பாதையின் கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தார்கள். பாலங்களையும் சுரங்கங்களையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை அருகில் சென்று ஆய்வு செய்வது 2014-இல் கட்டாயமானது அதன் பிறகுதான்.

நெதர்லாந்தும் அடிபட்டே கற்றது. 1953 வெள்ளத்தில் அங்கே 1,836 பேர் மாண்டார்கள். அதன்பின் தொடங்கிய கடல் தடுப்புப் பணிகள் 1997 வரை நீடித்தன. இடையில் எத்தனையோ அரசுகள் மாறின, பணி நிற்கவில்லை. 2012-இல் நடைமுறைக்கு வந்த டெல்டா சட்டம் வெள்ளப் பாதுகாப்புக்கென்று தனி நிதியையும் அதைக் கவனிக்கத் தனி ஆணையரையும் ஏற்படுத்தியது. அடுத்த தேர்தலைத் தாண்டியும் பணம் வரும் என்று அங்குள்ள பொறியாளருக்குத் தெரியும். என் பணிக்காலத்தில் நான் ஏங்கியது அந்த ஒரு உறுதிக்காகத்தான்.

பள்ளிக்கும் மருத்துவமனைக்குமே பணம் போதாதபோது இதற்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஆண்டு பூசாத வண்ணம் சில ஆண்டுகளில் உத்திரத்தையே மாற்றும் செலவாக வந்து நிற்கும். அப்போது அதே பள்ளியின் பணத்திலிருந்துதான் எடுப்பார்கள். அதனால் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அன்றே அதன் ஆயுட்காலம் முழுவதற்குமான பராமரிப்புச் செலவைக் கணக்கிட்டு, வேறு எதற்கும் எடுக்க முடியாத தனி நிதியில் ஆண்டுதோறும் சேர்க்கச் சட்டம் வேண்டும். ஆய்வு அறிக்கைகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடவும் வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பாலத்தின் திறப்பு விழாப் படத்தை வெளியிடும்போது, அதன் பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டு, அந்தத் தொகையையும் படத்தின் கீழே அச்சிடுங்கள். ஒன்றும் ஒதுக்கவில்லை என்றால் அதையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர் ஒருவர்