"அந்த வரியை அவருக்குக் கொடுங்கள்": கரோல் பர்னெட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கரோல் பர்னெட் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் நிகழ்ச்சி முடிந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அது ஒளிபரப்பான நாட்களில் உட்கார்ந்து பார்த்த தலைமுறை நான் இல்லை. யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்து, ருசி பிடித்துப்போய், அப்புறம் முழு எபிசோடுகளாகத் தேடிப் பிடித்தவள். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அந்த நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயர் 'தி கரோல் பர்னெட் ஷோ'. ஆனால் அரங்கம் அதிரும் பல இடங்களில் அந்தச் சிரிப்பு உங்களுக்கானது இல்லை. உங்களோடு நடிக்கும் டிம் கான்வேக்கோ, ஹார்வி கார்மனுக்கோ, விக்கி லாரன்ஸுக்கோ போய்ச் சேர்கிறது. நீங்கள் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். தன் பெயர் போட்ட மேடையில் இப்படி விலகி நின்று இடம் கொடுக்க ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது? அதைத் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்தக் கடிதம்.

முதலில் கிடைத்த பெயர் கேரி மூர். 1959ல் அவருடைய வெரைட்டி ஷோவில், அதாவது பாட்டும் நடனமும் நகைச்சுவையும் கலந்த டிவி நிகழ்ச்சியில், சேர்ந்தீர்கள். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கிரிப்ட் வாசிப்பார்கள். தனக்கு எழுதியிருக்கும் நல்ல ஜோக் ஒன்று வந்தால் மூர் நிறுத்தி, 'இதை கரோலுக்கோ டர்வர்டுக்கோ கொடுங்கள், அவர்கள் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்' என்பாராம். டர்வர்ட் கிர்பி அதே நிகழ்ச்சியின் இன்னொரு நடிகர். நீங்களே பேட்டிகளில் சொன்ன கதை இது. நிகழ்ச்சி அவருடையது, சம்பளம் கொடுப்பவரும் அவர்தான், வரியும் அவருக்காக எழுதியது. இருந்தும் தூக்கிக் கொடுத்தார். 1962ல் உங்களுக்கு டிவிக்கான எம்மி விருது முதல் முறையாக வந்ததில் அந்த மேஜைக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் கொடுக்கும் குணம் மூரிடமிருந்து மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை. அதற்கு முன்பே முகம் தெரியாதவர்கள் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1933ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பிறந்தீர்கள். அப்பா, அம்மா இருவரையும் குடி தின்றுவிட, பாட்டியோடு ஹாலிவுட்டில் ஒரே ஓர் அறையில் வளர்ந்தீர்கள். யுசிஎல்ஏ கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில், தபால் பெட்டியில் உங்கள் பெயரிட்ட ஒரு கவர், உள்ளே ஐம்பது டாலர். யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. அப்புறம் அந்த சான் டியேகோ விருந்து. ஒரு பணக்கார வீட்டில் மாணவர்கள் பாடி நடித்துக் காட்டுகிறீர்கள். முடிந்ததும் பாட்டிக்காகப் பலகாரத்தை எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் பின்னால் வந்து நிற்கிறார். திட்டப்போகிறார் என்று பயந்திருக்கிறீர்கள். அவரோ நியூயார்க் போக ஆயிரம் டாலர் கடன் தருகிறேன் என்கிறார். வட்டி கிடையாது. ஐந்து வருடத்தில் திருப்பித் தர வேண்டும், அவர் பெயரை யாரிடமும் சொல்லக்கூடாது, முன்னுக்கு வந்தால் உங்களைப் போலத் தவிப்பவர்களுக்கு உதவ வேண்டும். பணத்தை ஐந்து வருடத்தில் அடைத்துவிட்டீர்கள். பெயரை இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது நிபந்தனையைத்தான் வாழ்நாள் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நியூயார்க்கில் நீங்கள் செய்ததும் அந்த வழியில்தான் இருக்கிறது. 'ஏதாவது நாடகத்தில் நடித்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம்' என்று ஏஜெண்டுகள் கைவிரித்தார்கள். நடித்தால்தான் பார்ப்பார்கள், பார்த்தால்தான் நடிக்க முடியும். நீங்கள் தங்கியிருந்த ரிஹர்சல் கிளப் என்ற விடுதிப் பெண்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு 1955ல் சொந்தமாக ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தி, அந்த ஏஜெண்டுகளையே வரவழைத்தீர்கள். கதவைத் தனக்கு மட்டும் திறந்துகொள்ளாமல் விடுதிக்கே திறந்துவிட்ட அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. பத்து வருட ஒப்பந்தம். முதல் ஐந்து வருடத்துக்குள் நீங்கள் விரும்பினால் ஒரு மணி நேர வெரைட்டி ஷோ முப்பது வாரத்துக்கு அவர்கள் தந்தாக வேண்டும். ஐந்தாவது வருடத்தின் கடைசி வாரம், 1966 கிறிஸ்துமஸ் தாண்டி. புது வீட்டில் நாற்காலிகூட இல்லை. நீங்களும் கணவர் ஜோ ஹாமில்டனும் அட்டைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து யோசித்துவிட்டு போன் போட்டீர்கள். அந்த ஷரத்தே அங்கே யாருக்கும் நினைவில் இல்லை. நினைவு வந்ததும் கிடைத்த பதில், வெரைட்டி ஷோ ஆண்களுக்கான ஆட்டம், சிட் சீசர், மில்டன் பெர்ல், ஜாக்கி கிளீசன் மாதிரி ஆட்கள் செய்வது. உங்களுக்கென்று 'ஹியர்ஸ் ஆக்னஸ்' என்ற சிட்காம் தருகிறோம் என்றார்கள். வாரா வாரம் ஒரே ஆக்னஸாக இருக்க விருப்பமில்லை என்று மறுத்தீர்கள். 1967 செப்டம்பர் 11ல் ஆரம்பித்த உங்கள் வெரைட்டி ஷோ 1978 மார்ச் 29 வரை ஓடியது. பதினோரு சீசன், 25 எம்மி.

சரி, அந்த பதினோரு வருடத்துக்குள் வருகிறேன்.

விக்கி லாரன்ஸ். ஒரு பாட்டுக் குழுவில் பாடியதைத் தவிரப் பெரிதாக அனுபவம் இல்லாத பள்ளி மாணவி. நீ கரோல் பர்னெட் ஜாடையில் இருக்கிறாய் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியதை வெட்டி வைத்து உங்களுக்கு ஒரு கடிதம் போட்டாள். ரசிகர் கடிதம் மூட்டை மூட்டையாக வரும் நேரம். நீங்களோ நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. அவள் கலந்துகொண்ட போட்டிக்கு நேரில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தீர்கள். பதினெட்டு வயதில் அவள் உங்கள் குழுவில் இருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் வாய்ப்பு கொடுத்த கதை. 1974ல் நடந்தது அதைவிடப் பெரிது. 'தி ஃபேமிலி' என்ற ஸ்கெட்சை, அதாவது குட்டி நகைச்சுவை நாடகத்தை, எழுதியவர்கள் சிடுசிடு கிழவி 'மாமா' (ஆங்கிலத்தில் அம்மா) வேடத்தை உங்களுக்காகத்தான் எழுதினார்கள். படித்ததும் நீங்கள் மகள் யூனிஸை எடுத்துக்கொண்டு, மாமாவை விக்கியிடம் கொடுத்துவிட்டீர்கள். உங்களைவிடப் பதினாறு வயது இளையவள் உங்களுக்கு அம்மா! நரைத்த விக், திணித்துவைத்த உடம்பு, எதைச் சொன்னாலும் குத்திக்காட்டும் வாய். விக்கியை உலகத்துக்கு அடையாளம் காட்டிய வேடம் அதுதான். பிறகு 'மாமாஸ் ஃபேமிலி' என்று தனித் தொடராகவே போனது. யூனிஸும் லேசுப்பட்ட வேடம் இல்லை. ஒருமுறை ஒத்திகையில் சிரிப்பே கலக்காமல், குரலை ஏற்றாமல் அந்த ஸ்கெட்சை அப்படியே நாடகமாக நடித்துப் பார்த்தீர்களாம், எல்லோருக்கும் தொண்டை அடைத்துவிட்டதாம். நம்பமுடிகிறது. யாரும் தன்னைக் கண்டுகொள்ளாத வீட்டில் திரும்பத் திரும்பக் கத்திப் பார்க்கும் பெண் அவள். கத்துவதைப் பார்த்துச் சிரிக்கிறோம், கொஞ்ச நேரம் கழித்து வலிக்கிறது.

டிம் கான்வே. வெள்ளிக்கிழமை இரண்டு முறை படம்பிடிப்பீர்கள், இரண்டுக்கும் பார்வையாளர்கள் உண்டு. முதல் தடவை கான்வே எழுதியதை எழுதியபடி செய்வார். தேவையான ஷாட் கிடைத்துவிட்டது என்று இயக்குநர் சொன்னால் போதும், இரண்டாவது தடவை அவர் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. வேறு யாராக இருந்தாலும், என் நிகழ்ச்சியில் ஸ்கிரிப்டை மீறாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். நீங்கள் சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் பல் டாக்டர் ஸ்கெட்ச் நமக்குக் கிடைத்தது. புதிதாகப் படித்துவிட்டு வந்த டாக்டர் கான்வே, பல்வலிக்காரர் கார்மன். மரத்துப்போகும் ஊசியை டாக்டர் தவறித் தன் கையிலேயே குத்திக்கொள்கிறார். கை தொங்குகிறது. ஆங்கிலம் தெரியாத என் அம்மாவுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். 'ஐயோ, அடுத்து கால்ல குத்திக்கப் போறான் பாரு' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அடுத்த நிமிடம் அதுவேதான் நடந்தது. நாற்காலியில் கிடக்கும் கார்மன் சிரிப்பை மறைக்க முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பதும் அதற்குச் சமமான வேடிக்கை. உங்கள் நிகழ்ச்சியில் மிக அதிகம் பேசப்படும் ஸ்கெட்சுகளில் ஒன்று இது. இதில் நீங்கள் இல்லவே இல்லை.

தும்பிக்கை ஒட்டிப் பிறந்த இரட்டை யானைகளைப் பற்றி கான்வே வாய்க்கு வந்தபடி அளந்த நாளும் அப்படித்தான். நீங்கள் தலையைக் குனிந்து குலுங்க, கடைசியில் விக்கி மாமாவின் குரலில் ஒரே ஒரு வரி சொன்னார். அன்றைய டிவியில் போடமுடியாத சொல் ஒன்று அதில் இருந்தது. அத்தனை பேரையும் கவிழ்த்த கான்வேயே கவிழ்ந்தார். நீங்கள் கண்டெடுத்த பெண், நீங்கள் விட்டுக்கொடுத்த வேடத்தில் இருந்துகொண்டு அடித்த அடி அது.

1976ல் வந்த 'வென்ட் வித் த விண்ட்'. 'கான் வித் த விண்ட்' படத்தைக் கிண்டலடித்த ஸ்கெட்ச். திரைச்சீலையைக் கிழித்து உடையாக்கிக்கொண்ட கதாநாயகி ஸ்கார்லெட்டாக மாடிப்படியில் இறங்கி வருகிறீர்கள், தோளுக்குக் குறுக்கே திரைச்சீலைக் கம்பியும் அப்படியே! 'ஜன்னலில் பார்த்தேன், விட்டுவிட மனசு வரவில்லை' என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே அரங்கம் சிரிப்பில் அதிர்ந்துவிட்டது. அந்த உடை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யார் கேட்டாலும், கம்பியோடு விடலாம் என்பது உடை வடிவமைப்பாளர் பாப் மேக்கியின் யோசனை என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். செக்ரட்டரி மிசஸ் விக்கின்ஸ் வேடத்தில் நீங்கள் நடக்கும் அந்த நடை எப்படி வந்தது என்று கேட்டாலும் அவர் கொடுத்த பாவாடையைத்தான் கைகாட்டுகிறீர்கள்.

எல்லாமே பிடிக்கும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பாட்டும் நடனமுமாக வரும் சில பகுதிகள் இப்போது நீளமாகத் தெரிகின்றன, சில கிண்டல்களுக்கு அந்தக் காலத்துப் படங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தொடக்கத்தில் வரும் கேள்வி பதிலை நான் ஒருநாளும் ஓட்டிவிட்டதில்லை. விளக்கைப் பார்வையாளர் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு, முன்கூட்டியே ஆள் வைக்காமல், யார் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நிற்கிறீர்கள். யாரும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடுதான் முதலில் சம்மதித்திருக்கிறீர்கள். அங்கேயும் நல்ல வரி பல சமயம் கேட்டவருக்குத்தான் கிடைத்தது.

விட்டுக்கொடுக்காத இடமும் உண்டு. வாஷிங்டன் உணவகத்தில் நீங்கள் போதையில் கலாட்டா செய்ததாக நேஷனல் என்குவயரர் என்ற கிசுகிசுப் பத்திரிகை 1976ல் எழுதியபோது நீதிமன்றம் போனீர்கள். குடியால் பெற்றோரை இழந்த ஒருவரைப் பற்றி எழுதுகிற செய்தியா அது? 1981ல் ஜூரி உங்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. கிடைத்த பணத்தில் பல்கலைக்கழகங்களில் பத்திரிகை அறம் கற்பிக்க நன்கொடை கொடுத்தீர்கள். 2002ல் மகள் கேரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வருடத்திலேயே, அவரோடு சேர்ந்து எழுதிய 'ஹாலிவுட் ஆர்ம்ஸ்' நாடகத்தைப் பிராட்வே மேடையேற்றினீர்கள். 2022ல் 'பெட்டர் கால் சால்' தொடரின் கடைசி எபிசோடுகளில் மரியனாக வந்தபோது, சிரிப்பு ஒரு துளிகூட இல்லாத வேடத்தில், எண்பத்தொன்பது வயதில் எங்களை நடுங்கவைத்தீர்கள்.

பார்வையாளர் வரிசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தால் கையைத் தூக்கிக் கேட்டிருக்கும் கேள்வியை இங்கேயே கேட்டுவிடுகிறேன். அத்தனை வருடத்தில், அத்தனை பேருக்கும் தூக்கிக் கொடுத்த வரிகளில், 'ஐயோ, இதை நானே வைத்துக்கொண்டிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றிய வரி எது அம்மா? யாரிடம் கொடுத்தீர்கள்?

அன்புடன்,
உங்கள் ரசிகை