கயையில் என்னோடு இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஊர் வந்து ஒரு மாதம் ஆகிறது. கொண்டுவந்த கங்கை நீரால் ராமேஸ்வரத்தில் அபிஷேகமும் செய்தாயிற்று. நன்றி சொல்வதுதான் பாக்கி. போனில் சொல்ல நினைத்துப் பலமுறை எடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

காசிக்குக் கூட்டிப் போ என்று அம்மா பல வருடம் கேட்டாள். ஆடித் தள்ளுபடி முடியட்டும், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று ஜவுளிக்கடையைச் சாக்கு சொல்லியே தள்ளிப்போட்டேன். பிறகு அவள் படுத்துவிட்டாள். கடைசி நேரத்தில் துபாயில் இருந்த தம்பி வரவில்லை. மூன்று வருடம் அவனோடு நான் பேசவில்லை. என் தப்பை நினைத்துத் தூக்கம் வராத ராத்திரிகளில் அவன் தப்பை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்.

யாத்திரைக் குழுவை நடத்திய அண்ணாச்சி, உங்களுக்கு முதல் நன்றி. ராமேஸ்வரத்தில் எடுத்த மணலைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்கும்போது கை நடுங்கியது. படகில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தாருக்கும் நன்றி. பல தலைமுறைகளாக நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறதே, அது சாதாரண விஷயமா?

கயையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே தாய்க்கென்று தனியாகப் பதினாறு பிண்டம் உண்டு, மாத்ரு ஷோடசி என்பார்கள். என் மனைவி வடித்த சாதத்தில் எள்ளைப் பிசைந்து உருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாஸ்திரிகளே, மந்திரத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நீங்கள் ஒவ்வொன்றையும் நிறுத்தித் தமிழில் பொருள் சொன்னீர்கள். வயிற்றில் சுமந்த கஷ்டத்துக்கு ஒன்று. பிள்ளைக்காகக் கசப்பு மருந்து குடித்ததற்கு ஒன்று. ராத்திரி நனைந்த துணியில் கிடந்ததற்கு ஒன்று.

கசப்பு மருந்து என்றதும் எனக்கு அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் குடிப்பாள், குடித்ததும் கண்ணில் நீர் நிற்கும். ஏம்மா குடிக்கிற என்று கேட்டால், பாப்பாவுக்கு வயிறு வலிக்கக்கூடாதுல்ல என்பாள். அவன் நனைத்த துணியிலும் அவள்தானே கிடந்தாள்? இந்தப் பதினாறையும் நான் மட்டும் எப்படி என் கணக்கில் வைக்க முடியும்? அதற்கப்புறம் அழுகையை அடக்க முடியவில்லை. அவசரப்படுத்தாமல் காத்திருந்தீர்களே சாஸ்திரிகளே, அதை மறக்கமாட்டேன்.

பிறகு அட்சய வடம் என்கிற ஆலமரத்தின் கீழ் ஒரு காய், ஒரு கனி, ஒரு இலையை இனி சாப்பிடுவதில்லை என்று விட வேண்டும் என்றார்கள். நான் சுண்டைக்காயைச் சொல்லப் போனேன். அப்போது பக்கத்தில் நின்ற திருநெல்வேலி ஆச்சி, “எய்யா, தின்னாததை விட்டா அது விட்டதாகுமா? பிடிச்சதை விடும்யா” என்று காதோரம் சொன்னீர்கள். கத்தரிக்காயை விட்டேன். அம்மா வைக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்காகவே ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரம் பூட்டியவன் நான். அதைச் சொல்லி முடித்த கையோடு, தம்பி மேல் வைத்திருந்த கோபத்தையும் இங்கேயே விடுகிறேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். உங்களுக்குக் கேட்டதோ என்னவோ ஆச்சி, என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பல்குனி ஆற்றங்கரையில் நின்று அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். ரெண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கும் சேத்துப் போட்டீங்களாண்ணே?” என்று கேட்டான். போட்டேன் என்றேன்.

ஆச்சி, நேற்றுப் பெண்டாட்டியிடம் போனில் விசாரித்தீர்களாமே. கத்தரிக்காயை இதுவரை தொடவில்லை. தம்பி வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுகிறான். இந்த வருடம் அம்மா திதிக்கு லீவு சொல்லிவிட்டானாம்.

நன்றியுடன்,
உங்கள் மதுரை ஜவுளிக்கடைத் தம்பி