மஞ்சப்பையை எடுத்து வை, சாந்தி

அணைக்கட்டு,
ஞாயிறு காலை

அன்புள்ள சாந்தி,

நேற்று ராத்திரி போனில் நீ அழ ஆரம்பித்ததும் எனக்கு வாயே திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி வைத்தால் உன் மகளும் எடுத்துப் படிப்பாள்.

ஆறு வருஷம் அரசாங்க ஆபீசில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த உன் பெண்ணை, "கான்ட்ராக்ட் முடிஞ்சது, நாளைக்கு வர வேணாம்" என்று, ஆபீசுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர் வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைவிட, பத்து நாளாக அவள் வாசல் பக்கமே வரவில்லை என்றாயே, அதுதான் என்னை அறுக்கிறது.

அந்தப் பத்து நாள் நமக்குப் புதுசா, சாந்தி? 1989-ல் நீயும் நானும் ஊராட்சியில் மக்கள் நலப் பணியாளராகச் சேர்ந்தோம். 1991-ல் அனுப்பினார்கள். 1997-ல் கூப்பிட்டார்கள், 2001-ல் அனுப்பினார்கள். 2006-ல் மறுபடி கூப்பிட்டார்கள். 2011 நவம்பரில் ஏறக்குறைய 13,500 பேரோடு நாமும் வீட்டுக்கு வந்தோம். ஆட்சி மாறியதே தவிர, உன் வேலையிலோ என் வேலையிலோ குறை என்று யாரும் சொன்னதில்லை. அப்படியிருந்தும் நான் விடியுமுன் இருட்டில்தான் குழாயடிக்குப் போனேன். யாராவது "இன்னா, வேலை போச்சாமே?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். திருடிப் பிடிபட்டவள் மாதிரி ஒளிந்தேன். அந்த வெட்கம் நமக்கு உரியதே இல்லை என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. உன் மகளுக்கு ஒரு நாள்கூட ஆக வேண்டாம். இதை முதலில் சொல். யாரிடமும் பேசப் பிடிக்காமல் படுத்தே கிடந்தால் 14416-க்கு அடிக்கச் சொல், டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

அடுத்தது காகிதம். 2022-ல் நூறு நாள் வேலை உறுதித் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளராக மாதம் 7,500 ரூபாய்க்கு நம்மைக் கூப்பிட்டபோது, பழைய ஆர்டரைத் தேடி எத்தனை பேர் அலைந்தார்கள்! பாலாற்றங்கரையில் இருந்த நம் தோழி ஒருத்திக்கு 2021 நவம்பர் வெள்ளத்தில் பீரோவோடு எல்லாம் நனைந்து கூழாகிப் போயிருந்தது. என்னுடையது மஞ்சப்பையில், அரிசி டிரம்முக்கு மேலே இருந்தது. குண்டூசி துருப்பிடித்து முதல் ஆர்டரின் மூலையில் பழுப்பாக ஒரு ஓட்டை, அவ்வளவுதான். உன் மகளிடம் ஆர்டர், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, அந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து இரண்டு செட் வைக்கச் சொல். போனை நம்பி விட்டுவிடாதே.

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம், பிடித்திருக்கிறார்களா பார். பிடித்திருந்தால், வேலை போனவர்களுக்கு அதில் ஒரு உதவி உண்டு. 2018-ல் கொண்டுவந்தது, வாஜ்பாயின் 'அடல்' பெயரில் இருக்கிறது. சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரைக்கும். வேலை போய் 30 நாள் ஆனபின் எழுதிக் கொடுக்கலாம். வாழ்நாளில் ஒரு முறைதான். இப்போதும் நடக்கிறதா என்று இஎஸ்ஐ ஆபீசில் ஒரு தடவை கேட்டுக்கொள். நமக்கு 2011-ல் இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் தாலிச் செயினை அடகு வைத்திருக்க மாட்டேன்.

பிஎஃப் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கணக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏஜென்சி பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், வேலை வாங்கிய ஆபீசுக்கும் பொறுப்பு உண்டு, அதை விடக்கூடாது. கைக்கு முடை என்றால் சேமிப்பிலிருந்து எடுக்கட்டும். பென்ஷன் பங்கை மட்டும் தொட வேண்டாம். ஆறு வருஷம் ஆகிவிட்டது, வேறெங்கே சேர்ந்தாலும் இன்னும் நாலு வருஷம் கட்டினால் பத்தாகிவிடும், 58 வயதில் பென்ஷன் வரும். ஐந்து வருஷம் தாண்டியதால் கிராஜுவிட்டியும், அதுதான் பணிக்கொடை, கேட்கலாம், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளக் கணக்கு. கான்ட்ராக்ட் ஆளுக்குக் கிடையாது என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் நம்பாதே.

வக்கீலுக்குக் காசு எங்கே என்று கேட்டாய். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

அதுவரை அவள் கை சும்மா இருக்க வேண்டாம். 2011-க்கு அப்புறம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பீடி சுற்றினேன், இலை வெட்டி வெட்டி விரல் நுனி மரத்துப்போகும். ஆனால் சாயங்காலம் நாலு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சுற்றும்போது சிரிப்பு வரும், சாந்தி. அந்தச் சிரிப்புதான் என்னை வெளியே கொண்டுவந்தது. உன் மகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், பக்கத்தில் இ-சேவை மையத்தில் கேட்டுப் பார்.

நாளைக்கு இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போகலாம். குடியாத்தத்திலிருந்து எட்டு மணி பஸ்ஸில் அவளை ஏற்றிவிடு. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். மனு கொடுத்துவிட்டு கோர்ட்டுக்கும் போய்வருகிறோம். சாப்பாடு கட்டாதே, நான் முள்ளுக் கத்திரிக்காய் குழம்பு வைத்து எடுத்து வருகிறேன்.

உன்
மல்லிகா