பனிக்கரடியின் பட்டினிக் காலம் சுற்றுலாக் காலமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மறைந்துபோவதற்கு முன் பார்த்துவிடுங்கள்' என்ற அழைப்போடு பனிக்கரடிச் சுற்றுலாக்கள் விற்கப்படுகின்றன. இவற்றைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் விலங்கை எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி தேவையானதுதான், ஆனால் போதுமானதன்று.

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் என்னும் சிற்றூரை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களில் பனிக்கரடிகள் கூடுகின்றன. கடல் உறைந்தால்தான் பனிப்பரப்பின் மேல் சென்று சீல்களை வேட்டையாட முடியும் என்பதால் அதற்காகக் காத்திருக்கின்றன. கோடையில் பனி உருகிக் கரையேறியது முதல் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே காலம் தள்ளும் அவற்றின் எடை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ குறைகிறது. உயரமான சக்கர வண்டிகளில் அமர்ந்து பயணிகள் படமெடுப்பது இந்த நெடும் பட்டினியின் கடைசி வாரங்களைத்தான். புவி வெப்பமடைந்து கடல் தாமதமாக உறையும்போது, எந்தக் காரணத்தால் கரடிகளின் பசி நீள்கிறதோ அதே காரணத்தால் அவை கண்ணுக்குப் படும் நாள்களும் நீள்கின்றன. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1980களில் சுமார் 1,200 ஆக இருந்த அவற்றின் எண்ணிக்கை 2016இல் 842 என்றும், 2021இல் 618 என்றும் மதிப்பிடப்பட்டது. அண்டைப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தவை இக்குறைவில் ஓரளவு அடங்கலாம். ஆயினும் சரிவு மறுக்க முடியாதது.

சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. விமானத்திலோ ரயிலிலோதான் போக வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வருபவர், தாம் காண வந்த விலங்கின் பனியைக் கரைக்கும் வாயுவில் தம் பங்கையும் சேர்த்துவிட்டே கரடியின் முன் நிற்கிறார். அவ்வூர் மக்களை இதற்காகக் குறைகூற மாட்டேன். அவர்களுக்கு இது பிழைப்பு. மேலும், ஊருக்குள் நுழையும் கரடிகளைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடும் ஏற்பாடும் அங்கு நெடுங்காலமாக இருக்கிறது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 2018 ஜூலையில், கப்பல் பயணிகள் இறங்கவிருந்த இடத்தைச் சோதிக்கச் சென்ற காவலர்களில் ஒருவரைத் தாக்கிய பனிக்கரடி சுட்டுக்கொல்லப்பட்டது. இப்போது, 2025 ஜனவரி முதல், அங்கே 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மார்ச் தொடக்கம் முதல் ஜூன் இறுதி வரை 500 மீட்டர். இவ்விதி வரவேற்கத்தக்கது. ஆனால் தூரத்தை அளக்கும் சட்டம், அத்தூரத்தைக் கடந்து வருவதற்கு எரித்த எரிபொருளை அளப்பதில்லை.

நேரில் கண்டவர் பாதுகாவலராக மாறுவார் என்பது சுற்றுலா நிறுவனங்களின் வாதம். அப்படி மாறியவர்களில் எத்தனை பேர் அடுத்த விமானப் பயணத்தைக் கைவிட்டார்கள் என்பதையும் அவை சொன்னால் நன்றாக இருக்கும். ஒவ்வொரு பயணத்தின் விளம்பரத்திலும் ஒரு பயணிக்கான கரியமில வாயு அளவை விலைக்கு அருகிலேயே, அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. அத்தகைய விளம்பரங்களை ஏற்கும் நாளிதழ்களும் இதை நிபந்தனையாக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்