ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும்: ஆலயக் கட்டடக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

கர்த்தருக்குள் பிரியமான சபை மக்களுக்கும், கோவை, திருப்பூர், பெங்களூரு, வளைகுடா என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம் மலைப் பிள்ளைகளுக்கும் கட்டடக் குழுவின் அன்பின் வாழ்த்துக்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஆலயத்துக்குப் பின்னால் மூடிக் கிடந்த துவக்கப் பள்ளிக் கட்டடத்தின் ஓடுகளை ஆடி மாதமே பிரித்து இறக்கிவிட்டோம். இப்போது நான்கு சுவரும் மேலே ஒரு தார்ப்பாயும்தான் நிற்கின்றன. மரக்கடைக்கும் ஷீட் கடைக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியைச் செப்டம்பர் 30-க்குள் கட்டினால்தான் பேசிய விலைக்குச் சரக்கு வரும். கையில் இருக்கும் பணம் பற்றவில்லை. துண்டு விழுவது 6,25,500 ரூபாய். கோத்தகிரிப் பக்கம் நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததை யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு மழை வந்தால் தார்ப்பாய் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. பழைய மண் சுவர் ஊறிவிட்டால் மறுபடி அஸ்திவாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டடம் யாருக்கு என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். சுற்றுவட்டத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் குடும்பங்களுக்கு. ஊருக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் இரண்டு மூன்று நாள் தங்க ஓர் இடம், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு இரண்டு அறை, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு மாலை வகுப்பு, ஆதார், ரேஷன், பேங்க் காரியங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஒரு மேஜை. இவ்வளவுதான். இது மதம் மாற்றுகிற வேலை இல்லை. பழங்குடிகளின் சர்னா வழிபாட்டுக்காரர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று யார் வந்தாலும் கதவு ஒன்றுதான்.

இந்த யோசனை எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். போன வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி, கடைசி பஸ்ஸில் மூன்று ஜார்க்கண்ட் குடும்பங்கள் வந்து இறங்கின. கூட்டிப்போக வருவதாகச் சொன்ன ஏஜெண்ட் போனை அணைத்துவிட்டான். எந்தத் தோட்டம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. கொட்டுகிற மழையில் நம் ஆலய வராண்டாவில் ஒதுங்கியிருக்கிறார்கள். காலையில் கோயில்பிள்ளை மணி அடிக்கப் போனபோது யாரும் இல்லை. வராண்டா சுத்தமாகப் பெருக்கியிருந்தது. கவாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டித் துடைப்பமாக்கிப் பெருக்கிவிட்டு, அதைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குழந்தை செருப்பு ஒன்று, நீல ரப்பர் செருப்பு, ஒற்றையாகப் படியில் கிடந்தது.

அடுத்த கமிட்டியில் நாம் என்ன செய்தோம்? "இப்படியே விட்டால் பழகிவிடும்" என்று சொல்லி, கேட்டுக்குப் பூட்டு வாங்க 350 ரூபாய் ஒதுக்கினோம். தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று கை தூக்கியவர்களில் இந்த வேண்டுகோளை எழுதுகிறவர்களும் உண்டு.

அதற்கடுத்த ஞாயிறு, அறிவிப்புகள் வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து நம் சபையின் மூத்த பாட்டி எழுந்து நின்றார். வயது எண்பத்து நான்கு. "ஐயா, ஒரு வார்த்தை" என்றார். "சிலோன்லேர்ந்து வந்து ராமேஸ்வரத்துல கப்பல விட்டு எறங்கி, அப்படி வந்தவங்கள தங்க வச்ச மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு, எங்கள கொண்டாந்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல விட்டப்ப எனக்கு இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. இதே மாதிரி மழ. ஒரு படுகர் வீட்டு ஆளுங்க கூப்பிட்டு அவங்க வராண்டாவுல படுக்க வச்சாங்க. சுடச்சுட சாமைச் சோறு போட்டாங்க. அவங்க பேசுனது எனக்குப் புரியல, நான் பேசுனது அவங்களுக்குப் புரியல. அன்னைக்கு அவங்க கேட்டப் பூட்டியிருந்தா இன்னைக்கு இந்தக் கோயில்ல பாதிப் பேர் இருந்திருக்க மாட்டீங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் யாரும் வழக்கம்போல நின்று பேசவில்லை. புதன்கிழமை பூட்டைக் கழற்றினோம்.

இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் பழைய கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் நம் முன்னோர். பிறகு காப்பி அழிந்து தேயிலை வந்தது. கண்டிச் சீமையின் லயக் காம்பராக்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அவர்களைத் தேடிப்போய் ஊழியம் செய்ய 1854-ல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து போன உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அந்நிய நாட்டில் கூலியாக இருந்தவனைத் தேடிப்போன அந்த ஊழியத்தின் பலன்தான் நம் சபை. இதைப் பெருமையாகவே சொல்கிறோம்.

1948-ல் இலங்கையில் வந்த பிரஜா உரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று முடிவானது. கணக்கில் வந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹட்டன், நாவலப்பிட்டி, பதுளை ஸ்டேஷன்களில் அக்கா ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகப் பிரிந்து ஏறிய ரயிலுக்கு "அழுகைக் கோச்சி" என்றே பெயர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ஒரு தகரப் பெட்டியோடு இக்கரை வந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியதால் நமக்கு இந்த மலை கிடைத்தது.

கையில் இந்தியப் பாஸ்போர்ட். ஆனாலும் ரேஷன் கடையில் "சிலோன்காரன்", பஸ்ஸில் "அகதி". நம் பெரியவர்கள் கேட்டு வளர்ந்த வார்த்தைகள் இவை. அந்த நிலைமையில்தான் 1974-ல் 22 குடும்பங்கள் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் ஆராதனை தொடங்கின. மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பகலில் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போய்விட்டு, சாயங்காலம் ஓடையிலிருந்து தலைச்சுமையாகக் கல் சுமந்து ஆலயம் எழுப்பினார்கள். வாரத்தில் ஒரு நாள் கூலி ஆலயத்துக்கு என்று பொருத்தனை செய்து, நான்கு வருஷம் யாரும் அதை மீறவில்லை. வெளியூர்ப் பணம் ஒரு ரூபாய் வாங்காமல் கட்டிய கோயில் இது. பெரியவர்களிடம் கேட்டால் எந்தக் கல்லை யார் சுமந்தார்கள் என்று இன்றைக்கும் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.

ஆலயத்தை முடித்த கையோடு அவர்கள் கட்டியதுதான் அந்தப் பள்ளிக்கூடம். வந்தேறிப் பிள்ளைகள் என்று யாரும் ஒதுக்கக் கூடாது என்பதற்காகக் கட்டினார்கள். நம் பிள்ளைகள் படித்து மலை இறங்கிப் போனதும் அது காலியானது.

இப்போது வந்திருப்பவர்கள் யார் என்று விசாரித்துப் பார்த்தோம். நம் தாத்தாக்களை வெள்ளைக்காரத் துரைமார் கண்டிக்குக் கொண்டுபோன அதே நூற்றாண்டில், இவர்களுடைய ஊர்களிலிருந்து அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோயிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களாக இருப்பவர்களும் நேற்று வந்தவர்கள் அல்ல. 1845-ல் ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனரிகளின் ஊழியத்திலிருந்து அவர்கள் சபைகளின் வரலாறு தொடங்குகிறது. இவர்களில் ஓராவோன் பழங்குடி மக்கள் பேசும் குடுக் மொழி நம் தமிழ்போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சோதனையாக ஆலயத் திண்ணையில் நடத்திய வகுப்பில் நம் ஞாயிறு பள்ளி ஆசிரியை தன் கண்ணைத் தொட்டு "கண்" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, தன் கண்ணைத் தொட்டு "ஃகன்" என்றார். அன்றைக்குப் பாடம் அப்படியே நின்று, ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டுக்கொண்டே சாயங்காலம் போய்விட்டது.

காலம் நல்ல காலமாக இல்லை என்பது உண்மைதான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பொய் என்று போலீசே சொல்லியும், பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் ஏராளம். அந்த வீடியோக்கள் நம் வாலிபர் குழுவிலும் வந்தன. பொய் என்று தெரிந்த பிறகும் அழிக்கப்படாமல் இருந்தன. "வடக்கன்" என்ற வார்த்தையை நம் ஆலய வளாகத்திலேயே கேட்கிறோம். "சிலோன்காரன்" என்று கூப்பிட்டபோது நம் தாத்தாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

வேலையைப் பறிக்கிறார்கள் என்கிறீர்கள். எந்த வேலையை? நம் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் போன பிறகு, கொழுந்து எடுக்க ஆளில்லாமல் தோட்டங்கள் காடாகிக்கொண்டிருந்தன. நாம் விட்டுவந்த லயத்தில்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள். கூலியைக் குறைத்துப் பேசி அவர்களைக் கொண்டுவருகிற ஏஜெண்டுகள் மேல் நமக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தைக் குழந்தையைத் துணியில் கட்டி முதுகில் சுமந்து வருகிற பெண்ணிடம் காட்டுவது எந்த நியாயம்?

"நீங்கள் அந்நியரைச் சிநேகிப்பீர்களாக, நீங்களும் எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்தீர்களே" என்று உபாகமம் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. மற்ற சபைகளுக்கு அது எகிப்து. நமக்கு அது மண்டபம் கேம்ப்.

இனிக் கணக்கு. கூரை மரமும் ஷீட்டும் 5,40,000. சுவர்ப் பூச்சு, தரை, வயரிங் 3,85,000. நான்கு கழிப்பறை, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி 4,25,000. கட்டில், கம்பளி, பாத்திரம், கரும்பலகை 1,60,000. மாலை வகுப்பு ஆசிரியைகள் இரண்டு பேருக்கு மாதம் 8,000 வீதம் ஒரு வருஷச் சம்பளம் 1,92,000. மொத்தம் 17,02,000 ரூபாய். இதுவரை வந்தது 10,76,500. ஒவ்வொரு பில்லும் ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கொடுத்தவர்களை நினைக்கும்போது மனம் நிறைகிறது. கோவையிலும் திருப்பூரிலும் இருக்கும் நம் குடும்பங்கள் மட்டும் 4,60,000 ரூபாய் அனுப்பியிருக்கின்றன. அதில் பெரும்பகுதி தையல் மெஷினில் ஓவர்டைம் பார்த்த பணம் என்பது எங்களுக்குத் தெரியும். உள்ளூர்க் குடும்பங்களின் மாதக் காணிக்கைக் கவர்களில் சேர்ந்தது 3,76,000. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் 1,12,000 வந்தது; ஒரே ஒரு பூசணிக்காய் திரும்பத் திரும்ப ஏலத்துக்கு வந்து 9,000 ரூபாய்க்குப் போனது. வாலிபர் ஐக்கியம் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போய்ச் சேர்த்த 66,000 ரூபாயை அப்படியே கொடுத்துவிட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியை விற்று 38,500 கொடுத்தது. பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு படுகர் பெரியவர், நம் சபையைச் சேராதவர், ஐம்பது மூட்டை சிமெண்ட் இறக்கிவிட்டு ரசீதுகூட வேண்டாம் என்று போய்விட்டார். பாட்டியைப் படுக்கவைத்த வீடு அவர்கள் வீடுதானா என்று கேட்டோம். எங்கள் ஊரில் எல்லா வீட்டு வராண்டாவும் அப்படித்தான் என்றார்.

இன்னொரு 24,000 ரூபாய் யார் கொடுத்தது தெரியுமா? தோட்டத்து ஜார்க்கண்ட் ஆட்கள். கட்டடம் தங்களுக்கு என்று கேள்விப்பட்டு, ஆளுக்கு ஒரு நாள் கூலியைப் போட்டு, கொழுந்துப் பை துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். வாங்க எங்களுக்குக் கை வரவில்லை. ஆயர் ஐயாதான், "வாங்குங்கள், 1974-ல் நாம் கொடுத்ததும் இதுதானே" என்றார்.

சபைப் பதிவேட்டில் இன்று 310 குடும்பங்கள். இதில் 140 குடும்பங்கள் இதுவரை ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. கஷ்டத்தில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் ஜெபித்தால் போதும். போன வருஷம் வீட்டுக்கு மாடி எடுத்தவர்களும் கார் வாங்கி ஆலய வாசலில் ஜெபித்துக்கொண்டவர்களும் அந்த 140-க்குள் இருக்கிறார்கள். பெயர் போட மாட்டோம். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வசனத்தை நம் பெரியவர்கள் ஆலய வாசல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதன் கீழே நுழைந்துதான் நாம் உள்ளே போகிறோம்.

ஒரு குடும்பத்துக்கு 4,500 ரூபாய் என்று அந்த 140 குடும்பங்களும் கொடுத்தாலே துண்டு விழுந்தது அடைந்துவிடும். மொத்தமாக முடியாதவர்கள் மூன்று தவணையாகக் கொடுக்கலாம். ஒரு ஷீட், ஒரு கட்டில், பத்துக் கம்பளி என்று பொருளாகவும் கொடுக்கலாம். பொருளாளரிடமோ ஆலய அலுவலகத்திலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வெளியூர்ப் பிள்ளைகள் ஆலயக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லி அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூரை மரம் ஏற்றுகிறோம். கயிறு பிடிக்கவும் மரம் தூக்கவும் முப்பது பேர் வேண்டும். மத்தியானச் சாப்பாடு பெண்கள் ஐக்கிய சங்கம் பொறுப்பு. ஜார்க்கண்ட் சகோதரர்கள் பதினெட்டுப் பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து இதுவரை ஐந்து பேர்.

கர்த்தரின் பணியில்,
ஆலயக் கட்டடக் குழு